ஹாலுக்கு ஏற்ற சவுண்ட்பார்: கேட்டு மதிப்பிடும் முறை

தொலைக்காட்சிப் பெட்டி மெலிந்தபோது அதன் குரலும் சேர்ந்து மெலிந்தது. மதராஸிலேயே தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகளில் படக்குழாய்க்காக ஆழம் தேவைப்பட்டது. அந்த ஆழத்தில் பார்ப்பவரை நோக்கிய ஒலிபெருக்கிக்கும் இடம் இருந்தது. இன்றைய தட்டைத் தொலைக்காட்சியில் திரையைச் சுற்றி விரல் அகல விளிம்புகூட இல்லை. ஒலிபெருக்கி கீழேயோ பின்னாலோ பார்த்தபடி இருக்கிறது. ஒலி தரையிலோ சுவரிலோ மோதிய பிறகே காதுக்கு வருகிறது. இதனால் இரண்டு நஷ்டங்கள். வல்லின எழுத்துகளின் கூர்மை மழுங்கி, வசனம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் போகிறது. குரலுக்கும் வாத்தியத்துக்கும் உடம்பைத் தரும் கீழ்ப்பகுதி ஏறக்குறைய காணாமலே போகிறது.

சவுண்ட்பார் இந்த இரண்டையும் ஈடுகட்ட வந்த கருவி. எனவே ஒரு சவுண்ட்பாரை மதிப்பிடுகையில் முதலில் பார்க்க வேண்டியது பேச்சு தெளிவாகிறதா, குரலுக்கு உடம்பு வருகிறதா என்பதைத்தான். அதிர்வு, வாட், அட்மாஸ் எல்லாம் அதற்குப் பிறகு. கடைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் குடியிருப்பவருக்கு இந்த மதிப்பீட்டில் ஒரு வசதி உண்டு. மியூசிக் அகாடமி, நாரத கான சபா, வாணி மகால், கிருஷ்ண கான சபா என்று மார்கழியில் அருகிலேயே கச்சேரிகள் நடக்கின்றன. கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமல் பத்தடி தூரத்தில் கேட்கின்றன. மிருதங்கத்தின் தொப்பி நிஜத்தில் எப்படி ஒலிக்கும் என்பது இந்த ஊர்க் காதுக்குத் தெரியும். எந்த விமர்சனக் குறிப்பையும்விட நம்பத் தகுந்த அளவுகோல் அது.

ஹால் முதலில்

சவுண்ட்பாரின் பாதி ஒலி அறையின் ஒலி. சென்னை அடுக்ககத்து ஹால் பொதுவாக 10க்கு 12 அடி அல்லது 10க்கு 15 அடி. தரையில் வழவழப்பான டைல்ஸ், பூசிய சுவர், கான்கிரீட் தளம். ஒலியை உறிஞ்ச ஏறக்குறைய எதுவுமில்லை. ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பார்க்கலாம். தட்டிய ஓசைக்குப் பின் ‘ணங்’ என்று உலோகச் சாயலில் ஒரு வால் நீண்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் அந்த ஹாலில் வசனத்தைக் குழப்பத்தான் செய்யும். ஒரு பவானி ஜமக்காளம், கனமான திரைச்சீலை, துணி உறை போட்ட சோபா, புத்தகம் நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை அந்த வாலைக் குறைக்கும். ஜமக்காளத்தை விரிக்க வேண்டிய இடம் தொலைக்காட்சிக்கும் சோபாவுக்கும் நடுவில் உள்ள வெறும் தரை. முதல் எதிரொலி அங்கிருந்துதான் கிளம்புகிறது. கூடுதலாகப் பத்தாயிரம் ரூபாய் போட்டு அடுத்த மாடல் வாங்குவதைவிட இது பல வீடுகளில் அதிகப் பலன் தரும்.

கீழ்ஸ்தாயி ஒலிக்கு அறையின் நீள அகலமே விதி எழுதுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் அடங்கும் அரை அலைநீளத்துக்கு உரிய ஒலி அந்த அறையில் தானாகவே பெருகும். 12 அடிச் சுவர்களுக்கு இடையே அது சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்குச் சுமார் 57 ஹெர்ட்ஸ். தளத்தின் உயரமும் 10 அடியாக இருந்துவிட்டால் 57 ஹெர்ட்ஸில் இரண்டு பெருக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும். சில படங்களில் அடித்தொனி வரும்போது மட்டும் ஹாலே ‘ஊம்’ என்று முழங்குவதற்குக் காரணம் இதுதான். நீளமும் அகலமும் ஒன்றாக உள்ள சதுர ஹாலில் தொல்லை அதிகம். அத்தகைய வீட்டுக்கு, கீழ்ஸ்தாயிக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டியைப் பெரியதாக வாங்குவது பிரச்சினையையும் சேர்த்து வாங்குவது.

மின்விசிறியையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையில் வருடத்தில் பெரும்பகுதி விசிறி சுற்றாமல் யாரும் தொலைக்காட்சி பார்ப்பதில்லை. உஸ்மான் சாலைக்கோ எல்.பி. சாலைக்கோ அருகில் வீடு என்றால் ஜன்னல் வழியே ஹாரன் ஓசையும் வந்து சேரும். இந்த இரைச்சலுக்கு மேலே எழும்பி வசனம் புரிய வேண்டும். ஏசி போட்டு, கண்ணாடிக் கதவை மூடிய கடையின் டெமோ அறையில் கிடைக்கும் அனுபவம் இந்தக் கேள்விக்குப் பதில் தராது.

பேச்சுச் சோதனை

மனிதக் குரலின் அடிப்படைச் சுரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். ஆனால் சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் விவரம் அதற்கு வெகு மேலே, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் கூடுதலாக இருக்கிறது. நல்ல சவுண்ட்பாரில் இந்த இரண்டு பகுதிகளும் ஒரே இடத்திலிருந்து, ஒரே மனிதரின் வாயிலிருந்து வருவதுபோல வர வேண்டும்.

சோதனைக்குச் செய்தி வாசிப்பே போதும். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இரண்டு செய்தி வாசிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, விசிறியை வழக்கமான வேகத்தில் ஓடவிட்டு, வீட்டில் எப்போதும் உட்காரும் இடத்திலிருந்து கேட்க வேண்டும். பிறகு சமையலறை வாசலிலிருந்து ஒருமுறை. வீட்டில் பாதிப் பேர் தொலைக்காட்சியை அங்கிருந்துதான் கேட்கிறார்கள். காது சற்று மந்தமான பெரியவர் இருந்தால் அவரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அவர் சத்தத்தைக் கூட்டச் சொல்லாமல் பின்தொடர முடிகிறதா என்பது எந்த அளவுகோலுக்கும் குறைந்ததல்ல.

குரல் மூக்கடைத்ததுபோல வந்தால் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது. ‘ச’, ‘ஸ’ ஒலிகள் ஊசிபோல் குத்தினால் மேல்பகுதியைச் செயற்கையாகத் தூக்கியிருக்கிறார்கள். பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் சப்வூஃபரின் அளவு மிகுதி. இவற்றில் கடைசிக் குறையை ரிமோட்டிலேயே சரிசெய்யலாம். முதல் இரண்டும் பெரும்பாலும் கருவியின் இயல்பு.

இன்னொரு குறை கவனித்தால்தான் பிடிபடும். குறைந்த விலை 2.1 வகைகளில் (இடம், வலம் என இரண்டு, அத்துடன் ஒரு சப்வூஃபர்) பாரின் உள்ளே இருக்கும் ஒலிபெருக்கிக் கூம்புகள் மிகச் சிறியவை. ஆகவே 150 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையும், சிலவற்றில் அதற்கு மேலும், சப்வூஃபரிடம் தள்ளிவிடுகிறார்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. 150 ஹெர்ட்ஸில் சொல்லிவிடலாம். விளைவு, கனத்த குரலுடைய நடிகர் பேசும்போது வாய் திரையிலும் நெஞ்சு சோபா மூலையிலும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆண் குரலைக் கேட்டால், குரலில் ஒரு பகுதி மூலைக்கு ஓடுகிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஓடினால் சப்வூஃபரைத் தொலைக்காட்சிக்கு அருகிலேயே வைத்தாக வேண்டும். அதற்கு இடமில்லாத வீட்டுக்கு அந்த மாடல் ஒத்துவராது.

வசனம்தான் முக்கியம் என்றால், பெட்டியில் 3.1 என்று போட்டிருப்பதைத் தேடுவது நல்லது. அந்த 3, நடுவில் பேச்சுக்கென்றே தனி ஒலிபெருக்கி உண்டு என்பதைச் சொல்கிறது. 2.1இல் இடமும் வலமும் சேர்ந்து நடுக்குரலை மாயமாக உருவாக்குகின்றன; சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அந்த மாயம் கலைந்துவிடும்.

பாட்டுச் சோதனை

ஒரு கட்டையில் பாடும் பாடகரின் மத்யம ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவருடைய மந்திரப் பஞ்சமம் 98. தம்பூராவின் மந்திரத் தந்தி 65 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பாடகிக்கு ஷட்ஜம் 196, தம்பூராவின் மந்திரம் 98. தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் இந்த மந்திரச் சுரங்களின் அடிப்படை ஒலி வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். மேலே உள்ள உபசுரங்களிலிருந்து மூளை அதை ஊகித்துக்கொள்வதால் சுருதி புரிகிறது. கனம் மட்டும் கிடைப்பதில்லை. சவுண்ட்பார் போட்டதும் தம்பூரா ‘இழையாக’ இருந்தது ‘விரிப்பாக’ மாறினால் அந்தக் கருவி தன் வேலையைச் செய்கிறது.

தனி ஆவர்த்தனம் இன்னும் கறாரான பரீட்சை. மிருதங்கத்தின் வலந்தலை ஆதார சுருதியில் கூட்டப்பட்டது. சாதமிட்ட கரணையின் ‘தீம்’ ஒரு தெளிவான சுரம். இடப்பக்கத் தொப்பியில் ரவை அப்பி வாசிக்கிறார்கள். அதில் கையின் அடிப்பகுதியால் அழுத்தி வழுக்கும் கும்கியில் ஒலி கீழிருந்து மேலே ஏறும். நல்ல சப்வூஃபரில் அந்த ஏற்றம் ஏற்றமாகவே கேட்கும். மட்டமானதில் ஒவ்வொரு தொப்பி அடியும் ஒரே ‘தும்’ ஆக விழும். கும்கியும் சாதாரண அடியும் வேறுபடாது. இந்த ஒற்றைக்குரல் சப்வூஃபர் சினிமாச் சண்டைக் காட்சியில் பிரமாதமாகத் தோன்றும். அதனாலேயே கடைக்காரர் சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டுகிறார்.

நாதஸ்வரம் மறுமுனைச் சோதனை. அதன் உபசுரங்கள் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியில் குவிந்திருக்கின்றன. சத்தத்தைக் கூட்டும்போது சிறிய கூம்புகள் திணறினால் நாதஸ்வரம் முதலில் காட்டிக்கொடுத்துவிடும். கம்பீரம் போய்க் கரகரப்பு வரும். ஐந்து நிமிடம் தொடர்ந்து கேட்டபின் சத்தத்தைக் குறைக்கக் கை தானாக ரிமோட்டைத் தேடினால், அந்தக் கருவியைப் பாட்டுக்கு வாங்கக் கூடாது.

திரையிசையில் சோதனைக்கு உகந்தவை கைவசமே இருக்கின்றன. ‘திருடா திருடா’ (1993) படத்தில் ஷாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி’ வாத்தியமே இல்லாமல் குரல்களால் மட்டும் ஆன பாட்டு. நடுக்குரலும் சுற்றி நிற்கும் கோரஸும் தனித்தனியாகப் பிரிகின்றனவா என்று அதில் பார்க்கலாம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பில் நரம்பு வாத்தியங்கள் அடுக்கடுக்காக வருகின்றன. மட்டமான கருவியில் அந்த அடுக்குகள் ஒரே குழைவாகிவிடும்.

அகலத்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். 90 சென்டிமீட்டர் நீளப் பாரை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால், அதன் இரு முனைகளும் காதுக்குச் சுமார் 17 பாகைக் கோணத்தில்தான் விரிகின்றன. ஸ்டீரியோவுக்கென்று பரிந்துரைக்கப்படும் கோணம் 60 பாகை. மேடையில் பாடகரின் வலப்பக்கம் மிருதங்கமும் இடப்பக்கம் வயலினும் இருப்பதால், கேட்பவருக்கு மிருதங்கம் இடதிலும் வயலின் வலதிலும் விரிய வேண்டும். சவுண்ட்பாரில் மூவரும் ஒரே ஜமக்காளத்தில் நெருங்கி உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே ஒரு வீட்டில் பாட்டு முக்கால், தொலைக்காட்சி கால் என்று இருந்தால், அதே பணத்துக்கு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஒலிபெருக்கிகளும் வாங்குவதே சரியான முடிவு. சவுண்ட்பார் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அட்மாஸ் என்ற முத்திரை

தமிழ் சினிமா ஒலித் தொழில்நுட்பத்தை முந்திக்கொண்டு வரவேற்ற துறை. ‘குருதிப்புனல்’ 1995இல் டால்பி ஸ்டீரியோவோடு வந்தது. 2012 டிசம்பரில் மறுபடி வெளியான ‘சிவாஜி 3டி’ டால்பி அட்மாஸில் வந்த முதல் இந்தியப் படம். திரையரங்கில் அட்மாஸின் உயர ஒலி தலைக்கு மேலே பொருத்திய ஒலிபெருக்கிகளிலிருந்தே வருகிறது. வீட்டில் சவுண்ட்பார் அதைத் தளத்தில் மோதவிட்டு எதிரொலியாகக் கீழே இறக்க முயல்கிறது.

இந்த எதிரொலிக்குச் சமமான, கடினமான, அதிக உயரமில்லாத தளம் வேண்டும். 9 அல்லது 10 அடி உயரக் கான்கிரீட் தளம் பொருத்தமானது. மயிலாப்பூர் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளத்தில் மரச்சட்டங்கள் வரிசையாக ஓடுகின்றன, உயரமும் அதிகம். அங்கே எதிரொலி சிதறிவிடும். பாருக்கும் சோபாவுக்கும் நடுவில் தொங்கும் மின்விசிறி பாதையில் குறுக்கிடலாம். பாரை ஷோகேஸின் அடுக்குக்குள் செருகிவிட்டால் மேல்நோக்கிய ஒலிபெருக்கி பலகையில்தான் மோதும். அட்மாஸுக்குக் கொடுத்த பணம் முழுக்க வீண்.

பெட்டியில் அட்மாஸ் என்று அச்சடித்திருந்தாலும் மேல்நோக்கிய ஒலிபெருக்கி இருக்கும் என்று அர்த்தமில்லை. எண்களைப் பார்க்க வேண்டும்: 3.1.2, 5.1.2 என்று மூன்றாவது எண் இருந்தால் அது மேல்நோக்கியவற்றின் எண்ணிக்கை. 2.1 என்றோ 3.1 என்றோ முடிந்துவிட்டால் உயரம் என்பது கணக்குப் போட்டுக் காட்டும் பாவனை. பக்கச் சுவர்களில் மோதவிட்டுச் சுற்றொலி காட்டும் மாடல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் சாப்பாட்டு அறையின் திறப்புமாக உள்ள ஹாலில் சுற்றொலி ஒருபக்கமாகச் சாயும்.

1995க்கு முந்தைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை மோனோ ஒலியில் உள்ளவை. அவற்றைப் பார்க்கும்போது ‘சரவுண்ட்’, ‘சினிமா’ போன்ற விரிவாக்கங்களை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நிற்க வேண்டிய சிவாஜி கணேசனின் குரல் அறையெங்கும் கரைந்து பரவும்.

வாட்டும் வயரும்

வாட் எண்ணுக்கு மயங்க வேண்டியதில்லை. பிஎம்பிஓ என்ற கணக்குக்குப் பொருளே கிடையாது. ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதை மட்டும் பார்க்கலாம். அதிலும் 10 சதவீத உருக்குலைவோடு அளந்த எண்ணே பல இடங்களில் அச்சாகிறது. வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. 10க்கு 12 ஹாலில் 100 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு, ஜமக்காளம் விரித்ததற்கும் விரிக்காததற்கும் உள்ள வேறுபாட்டைவிடக் குறைவு.

இணைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். தொலைக்காட்சியின் பின்னால், ஒலியைப் பாருக்கு அனுப்புவதற்கென்று, ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளை ஒன்று இருக்கும். அதில்தான் இணைக்க வேண்டும், பக்கத்துத் துளையில் போட்டால் ஒலி வராது. 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்த ஏஆர்சி, ஓடிடி தளங்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலியை, அட்மாஸ் உட்பட, கடத்தக்கூடியது. தொலைக்காட்சியும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். 2017இல் வந்த ஈஏஆர்சி, புளூ-ரே தட்டின் சுருக்கப்படாத ஒலியையும் கடத்தும். தட்டு பார்க்காத வீட்டுக்கு அது கட்டாயமில்லை. ஆப்டிகல் வயர் ஸ்டீரியோவுக்கும் சாதாரண 5.1க்கும் போதும், அட்மாஸ் அதில் வராது. கேபிள் செட்டாப் பாக்ஸில் வரும் சேனல்களில் பெரும்பாலானவை ஸ்டீரியோதான். சீரியலும் செய்தியும் மட்டுமே ஓடும் வீட்டில் 5.1 வாங்கி அதன் பின் ஒலிபெருக்கிகளைச் சும்மா வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

தொலைக்காட்சியிலிருந்து பாருக்கு ப்ளூடூத் வழியாக ஒலி அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். அது தாமதமாகும். ஒலி படத்துக்கு முன்னதாக 45 மில்லி விநாடியோ பின்னதாக 125 மில்லி விநாடியோ விலகினால் பார்ப்பவர் உணர்ந்துவிடுவார் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பரதநாட்டியப் பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்: பாதம் தரையைத் தட்டும் கணமும் நட்டுவாங்கத் தாளத்தின் ஓசையும் ஒன்றாக விழ வேண்டும். கைபேசியிலிருந்து பாட்டு கேட்க ப்ளூடூத் தாராளமாகப் போதும். ஆனால் ஆலாபனை நடுவில் அழைப்பு வந்தால் பாட்டு அறுந்துவிடும். வைஃபை வழியாக நேரே இயங்கும் மாடலில் அந்த இடைஞ்சல் இல்லை.

கடையில்

உஸ்மான் சாலை, பாண்டி பஜார், லஸ் வட்டாரக் கடைகளில் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கும் சவுண்ட்பாரைத் தொலைக்காட்சியோடு சேர்த்துத் தருவார்கள். சேர்த்துத் தருவது எந்த மாடல் என்று கேட்டு, அதைத் தனியாகக் கேட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டமுள்ள மாலையில் போகாமல், வாரநாளில் கடை திறந்ததும் போனால் அமைதி கிடைக்கும். கடையின் டெமோ வீடியோவை மறுத்து, மேலே சொன்ன குரல், தனி ஆவர்த்தனம், நாதஸ்வரம் ஆகியவற்றைக் கைபேசியில் கொண்டுபோய்ப் போடச் சொல்ல வேண்டும். இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதுகூடக் காதுக்கு ‘நல்லது’ என்று தோன்றும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் டெசிபல் செயலி இதற்குப் போதும்.

அளவெடுத்துக்கொண்டு போவது அவசியம். 43 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் சுமார் 96 சென்டிமீட்டர், 55 அங்குலத்தினுடையது சுமார் 123. பார் அதைவிட நீளக் கூடாது. தொலைக்காட்சி மேசையில் காலூன்றி நின்றால், திரையின் கீழ் விளிம்புக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும். உயரமான பார் படத்தின் அடிப்பகுதியையோ ரிமோட் உணரியையோ மறைத்துவிடும். சப்வூஃபருக்கும், ‘வயர்லெஸ்’ என்று விற்கும் பின் ஒலிபெருக்கிகளுக்கும் தனித்தனி ப்ளக் பாயிண்ட் தேவை என்பது வீட்டுக்கு வந்தபின் தெரியவருவதே வழக்கம்.

வீட்டில் வைத்த பிறகு

சப்வூஃபரின் இடத்தைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமாக உட்காரும் சோபா இடத்தில் சப்வூஃபரை வைத்து, தாளம் சீராக ஓடும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்க வேண்டும். முழக்கம் அடங்கி, அடி ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும் இடம் எதுவோ அங்கே சப்வூஃபரை மாற்றினால் போதும். அறை மூலையில் சத்தம் கூடும், தெளிவு குறையும். அடியில் ரப்பர் பட்டை வைத்தால் கீழ்வீட்டுக் கூரைக்கு அதிர்வு இறங்குவது ஓரளவு மட்டுப்படும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். இரவில் ‘நைட்’ பயன்முறை சண்டைக் காட்சியை அமுக்கி வசனத்தை உயர்த்தும். அடுக்ககத்தில் அது தினமும் பயன்படும் பொத்தான்.

தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியை அமைப்பில் அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வசனத்துக்கு நிழல் விழும். பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்றால் இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை வயர்களைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி செருகுவது நல்லது. மின்சாரம் போய்த் திரும்பும்போது வரும் ஏற்றத்துக்குச் சர்ஜ் ப்ரொடெக்டர் தேவை. முதல் வாரத்திலேயே எல்லாச் சோதனைகளையும் வீட்டில் ஒருமுறை திரும்பச் செய்து, அதுவரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பல கடைகள் இவை இல்லாமல் மாற்றித் தருவதில்லை.